ஏறி இறங்கும் இன்ஜின்: சித்தப்பாவோட லான் மோவரும் ஒரு முடி அளவு ஓட்டையும்

உங்க வீட்ல லான் மோவர் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. எங்க வீட்லயும் கிடையாது. ஆனா ஊர்ல தோட்டத்துக்குத் தண்ணி எடுக்கிற சின்ன பெட்ரோல் இன்ஜின், கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி சத்தம் போடுற ஜெனரேட்டர், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், இதுல ஏதாவது ஒண்ணைக் கண்டிப்பா பாத்திருப்பீங்க. லான் மோவர்ல இருக்கறதும் அதே ஜாதி இன்ஜின்தான். ஒரு சிலிண்டர், காத்துல குளிர்ற பாடி, சின்ன கார்புரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற அமைப்பு. அதனால இதைப் படிச்சிட்டு உங்க தாத்தாவோட பம்ப் செட்ல போய் முயற்சி பண்ணாலும் முக்கால்வாசி பொருந்தும்.

எங்க சித்தப்பா கோயம்புத்தூர் பக்கம் அபார்ட்மென்ட், வில்லா மாதிரி இடங்கள்ல தோட்ட வேலை எடுத்து செய்யறார். புல் வெட்டறது, செடி கத்தரிக்கிறது, உரம் போடறது எல்லாம். போன வருஷம் கால்ல எலும்பு முறிஞ்சு பத்து வாரம் படுத்துட்டார். திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே மெஷின் மக்கர். ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஒரே சீரா ஓட மாட்டேங்குது. "ஊஊம்"னு ஏறும், "உம்ம்"னு இறங்கும், மறுபடி ஏறும். ரெண்டு நொடிக்கு ஒரு தடவை இதே கதை. நடுவுல ஆஃப் ஆயிடும். கால் இன்னும் முழுசா ஊனாத மனுஷன், ஒரு புல்தரையை முடிக்கிறதுக்குள்ள இருபது தடவை கயிறு இழுத்திருக்கார். ஒர்க்‌ஷாப்ல காட்டினதுக்கு, கார்புரேட்டர் செட்டையே மாத்தணும், மூவாயிரத்துக்கு மேல ஆகும், ஐட்டம் வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல வேலை. ஏற்கெனவே பத்து வாரம் வேற ஆள் வெச்சு ஓட்டினவங்க. இந்தத் தடவையும் போகலைன்னா அந்த ஆளையே வெச்சுக்குவாங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு போன். "கண்ணு, நீ மெக்கானிக்கல்தான படிக்கற? இது ஏன் இப்பிடிக் கத்துதுன்னு வந்து பாரு."

இந்தக் கேள்விக்கு பயப்படாத மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் யாராவது இருந்தா கை தூக்குங்க. மூணு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சாச்சு, ஓட்டோ சைக்கிள் கண்ணை மூடிட்டு வரைவேன், ஆனா ஒரு கார்புரேட்டரைக் கையில கழட்டினது லேப்ல ஒரே ஒரு தடவை. அதுவும் கட் செக்‌ஷன் மாடல். இருந்தாலும் "பாக்கறேனுங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறிட்டேன்.

முதல்ல நான் பண்ண தப்பெல்லாம் சொல்லிடறேன், அதுலதான் உங்களுக்கு லாபம்.

தப்பு ஒண்ணு, தெரிஞ்ச பார்ட்ட மாத்தறது. ஸ்பார்க் ப்ளக் எனக்குத் தெரியும், அதனால ப்ளக்கை மாத்தினேன். ஏர் ஃபில்டர் தெரியும், அதையும் மாத்தினேன். ரெண்டும் சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பக்கம் ஆச்சு, இன்ஜின் அதே பாட்டைத்தான் பாடுச்சு. பழைய ப்ளக்கை ஒழுங்கா உத்துப் பாத்திருந்தா அப்பவே பாதி விடை கிடைச்சிருக்கும். ப்ளக் முனை இளம் பழுப்பு நிறத்துல இருந்தா இன்ஜின் நலம். கரி பிடிச்சு கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது. எண்ணெய்ப் பசையா ஈரமா இருந்தா ஆயில் உள்ள வருது. அந்த ப்ளக் சாம்பல் வெள்ளையா இருந்துச்சு. அதாவது காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. அதைப் பாக்காமலே டூல் பாக்ஸ்ல போட்டுட்டேன்.

தப்பு ரெண்டு, மெஷினைச் சாய்ச்ச விதம். அடியில பிளேடைப் பாக்கலாம்னு கைக்கு வந்த பக்கம் சாய்ச்சேன். கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் கீழ போற பக்கம். கிராங்க் கேஸ்ல இருந்த ஆயில் அமைதியா இறங்கி, நான் வாங்கிப் போட்ட புது ஃபில்டரை ஊறவெச்சிடுச்சு. அடுத்து ஸ்டார்ட் பண்ணப்ப வந்த வெள்ளைப் புகையைப் பாத்து பக்கத்து வீட்டுக்காரங்க கொசு மருந்து அடிக்கிறாங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டாங்க. லான் மோவரை எப்பவுமே கார்புரேட்டர் மேல பாக்கிற மாதிரிதான் சாய்க்கணும். சாய்க்கறதுக்கு முன்னாடி ப்ளக் கேப்பைக் கழட்டி ஓரமா வெக்கணும். இது மட்டும் எத்தனை தடவை செஞ்சாலும் மறக்கக்கூடாத வேலை. பிளேடைக் கையால திருப்பினாலே பிஸ்டன் நகரும், ப்ளக் பொறி விட்டா இன்ஜின் ஒரு சுத்து சுத்தும், விரல் அங்கதான் இருக்கும்.

தப்பு மூணுதான் பயங்கரம். இன்ஜின் பக்கத்துல ஒரு குட்டி ஸ்பிரிங் இருந்துச்சு. அது ஒரு லீவர்ல வரிசையா இருக்கிற ஓட்டைகள்ல ஒண்ணுல மாட்டியிருந்துச்சு. அடுத்த ஓட்டையில மாட்டினா இன்ஜின் கொஞ்சம் டைட்டா, சீரா ஓடும்னு எனக்கா ஒரு நினைப்பு. மாட்டிட்டு கயிறு இழுத்தேன். அது போட்ட சத்தத்தை எழுத்துல எழுத முடியாது. சித்தப்பா நொண்டிக்கிட்டே ஓடி வந்து என் கையை லீவர்ல இருந்து தட்டி விட்டு ஆஃப் பண்ணார்.

அது கவர்னர் ஸ்பிரிங். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. பிளேடு முனைக்கு முனை 46 செ.மீ., நிமிஷத்துக்கு 3000 சுத்து. முனையோட வேகம் நொடிக்கு சுமார் 72 மீட்டர், மணிக்கு 260 கி.மீ. வருது. அது சரியா ஓடற வேகம். அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுல லான் மோவர் பிளேடு முனைக்கு உச்ச வரம்பே நிமிஷத்துக்கு 19,000 அடி, அதாவது நொடிக்கு 96 மீட்டர் சொச்சம்தான். நான் ஸ்பிரிங்கை மாத்தினதுல அந்த வரம்பைத் தாண்டிச்சா இல்லையான்னு அளக்க அங்க டேகோமீட்டர் இல்ல. அளக்க முடியாத எதையும் இழுத்து விடக்கூடாதுன்னு அப்ப புரிஞ்சுது. ஸ்பிரிங்கை பழைய ஓட்டையிலயே மாட்டினேன். எந்த ஓட்டைன்னு போட்டோ எடுத்து வெச்சிருந்தது என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். யோசிக்க வெச்சது சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தை. போன்லயே சொல்லியிருந்தார், நான்தான் காதுல வாங்கல. "அடர்ந்த புல்லுல போனா ஒழுங்காத்தான் ஓடுது கண்ணு. இளம் புல்லுலயும், திருப்பத்துல சும்மா நிக்கறப்பவும்தான் இந்த ஆட்டம்."

லோடு ஏறினா சரியாகுது, லோடு இல்லன்னா ஆடுது. இது எவ்ளோ பெரிய க்ளூன்னு புரியணும்னா கவர்னர் என்ன பண்ணுதுன்னு தெரியணும்.

லான் மோவர்ல பைக் மாதிரி நாம ஆக்சிலரேட்டர் திருகறதில்ல. வேகத்தைப் பிடிச்சு வெக்கறது கவர்னர். ஸ்பிரிங் எப்பவும் த்ராட்டிலைத் திறக்கிற பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். இன்ஜினுக்குள்ள சுத்துற சின்ன எடைகள் வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் விரிஞ்சு, ஒரு கம்பி வழியா த்ராட்டிலை மூடற பக்கம் தள்ளும். சில மாடல்ல எடைகளுக்குப் பதிலா ஃப்ளைவீல் வீசற காத்துல அசையற ஒரு தகடு இந்த வேலையைப் பாக்கும். ரெண்டு இழுப்பும் சமமாகிற இடத்துல வேகம் நிக்கும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற ஃபீட்பேக் லூப் அப்படியே இரும்புல. ஜேம்ஸ் வாட் 1788-லயே நீராவி இன்ஜினுக்கு இந்த சுத்துற குண்டு அமைப்பைப் பயன்படுத்தினார். அது ஏன் சில நேரம் நிலைக்காம ஆடுதுன்னு 1868-ல ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கவர்னர்களைப் பத்தி தனி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். ஆமா, அதே மாக்ஸ்வெல்தான், நம்மளை மின்காந்தத்துல அழ வெச்சவர். இந்த ஆட்டத்துக்கு ஹண்டிங்னு பேர். ஆறாவது செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வியா இதை எழுதியிருக்கேன். சித்தப்பா வீட்டு வாசல்ல ஓடினது ஹண்டிங்தான்னு ஒரு மணி நேரம் கழிச்சுதான் உறைச்சுது.

இப்ப க்ளூவுக்கு வருவோம். கார்புரேட்டர்ல பெட்ரோல் போக ரெண்டு வழி இருக்கு. த்ராட்டில் நல்லா திறந்திருக்கும்போது மெயின் ஜெட் வழியா போகும். த்ராட்டில் லேசா மட்டும் திறந்திருக்கும்போது, அதாவது லோடு இல்லாம சும்மா ஓடும்போது, பைலட் ஜெட்னு ஒரு குட்டி ஓட்டைதான் பெரும்பாலும் ஊட்டுது. அந்தக் குட்டி ஓட்டை அடைச்சிருந்தா என்ன ஆகும்? வேகம் இறங்கும். கவர்னர் அதைப் பாத்து த்ராட்டிலைத் திறக்கும். திறந்ததும் மெயின் ஜெட் பாய்ஞ்சு வந்து ஊட்டும், வேகம் எகிறும். கவர்னர் மறுபடி மூடும். மூடினதும் பட்டினி. மறுபடி இறக்கம். இதுதான் அந்த ஏத்த இறக்கப் பாட்டு. அடர்ந்த புல்லுல த்ராட்டில் எப்பவும் திறந்தே இருக்கறதால மெயின் ஜெட் காப்பாத்திடுது. கவர்னர் மேல தப்பே இல்ல. அது பாவம், பசிக்கிற இன்ஜினுக்கு சோறு ஊட்டத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் போய் அது கையை முறுக்கியிருக்கேன்.

இதை ஸ்பேனர் தொடாம உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. இன்ஜின் ஆடிக்கிட்டு ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமா பாதி வரைக்கும் மூடுங்க. சோக் காத்தைக் குறைக்கும், கலவையில பெட்ரோலோட பங்கு கூடும். ஆட்டம் நின்னு இன்ஜின் சீரானா, பெட்ரோல் பட்டினிதான் வியாதி. மூடினா இன்னும் மோசமா திணறி கரும்புகை விட்டா வியாதி எதிர்ப்பக்கம், அடைச்ச ஏர் ஃபில்டரைப் பாருங்க. ஓடற மோவர்ல கைப்பிடி லீவரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா ஆஃப் ஆயிடும். அதனால சித்தப்பா பொண்ணு, என் தங்கச்சி, லீவரைப் பிடிச்சா, நான் சோக்கைத் தள்ளினேன். பாதியில சத்தம் ஒரே கோடா நின்னுச்சு. "சரியாயிடுச்சா அண்ணா?"ன்னு கேட்டா. இல்ல, ஆனா என்னன்னு தெரிஞ்சிடுச்சு.

பட்டினின்னு தெரிஞ்சதும் உடனே கார்புரேட்டரைக் கழட்டிடாதீங்க. அதுக்கு முன்னாடி காசில்லாம பாக்கற விஷயம் ரெண்டு இருக்கு. பெட்ரோல் டேங்க் மூடியில ஒரு சின்ன காத்து வழி இருக்கும். அது அடைச்சா டேங்க்ல வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது, பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஓடிட்டு நின்னுடும். மூடியைத் தளர்த்தினா உயிர் வரும். ரெண்டாவது, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள வரும். செடிக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால அந்த இடுக்குல லேசா தண்ணி அடிச்சுப் பாருங்க, சத்தம் மாறினா லீக். இதுக்கு யூடியூப்ல கார்ப் க்ளீனர் ஸ்பிரே அடிப்பாங்க. அது தீப்பிடிக்கிற சரக்கு, பக்கத்துலயே சூடான சைலன்சர் இருக்கு. தண்ணியே போதும். எங்க மெஷின்ல ரெண்டும் சரியா இருந்துச்சு.

சரி, கழட்டலாம். இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம், வெட்டவெளியில. வீட்டுக்குள்ள வேண்டாம், பூஜை ரூம் விளக்கு எரியற வீடா இருந்தா சுத்தமா வேண்டாம். டேங்க்ல இருக்கிற பெட்ரோலை கேன்ல வடிச்சுடுங்க. கம்பி, ஸ்பிரிங் எல்லாம் எந்த ஓட்டையில இருக்குன்னு நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுங்க. கார்புரேட்டரை ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கும். எடுக்கும்போது கேஸ்கெட்கள் எந்த வரிசையில, எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க. திருப்பி மாட்டினா நீங்களே புதுசா ஒரு காத்து லீக் உண்டாக்கிடுவீங்க.

அடியில கிண்ணம் மாதிரி தொங்கறது ஃப்ளோட் பவுல். ஒரே ஒரு போல்ட். சில மாடல்ல அந்த போல்ட்டே மெயின் ஜெட், அதோட கழுத்துல ஓட்டை இருக்கும், வெறும் போல்ட்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க. எங்க பவுலைத் திறந்ததும் பெயின்ட் கடை வாசம் வந்துச்சு. அடியில பழுப்பா பிசின் மாதிரி ஒரு படலம், ஓரத்துல வெள்ளைப் பொடி. ஒர்க்‌ஷாப்ல இதைத் திறந்தே பாத்திருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். மூணாயிரம் ரூபாய் பார்ட்ட மாத்தறது அரை மணி நேர வேலை, கழுவறது மூணு மணி நேர வேலை. அவங்க கணக்கும் ஒரு வகையில நியாயம்தான்.

மெயின் ஜெட் பித்தளை. பித்தளை மெதுவானது, அதனால பள்ளத்துல கச்சிதமா உக்கார்ற ஸ்க்ரூ டிரைவர் வேணும். அதுல வெளிச்சம் தெரிஞ்சுது. பைலட் ஜெட்டைத் தேட கொஞ்ச நேரம் ஆச்சு. இந்த வகை கார்புரேட்டர்ல அது மேல்பக்கம், ஐடில் ஸ்க்ரூவுக்குக் கீழ, பிளாஸ்டிக் தலையோட ஒளிஞ்சிருக்கு. ஸ்க்ரூவை எடுத்துட்டு மெதுவா நெம்பினா வெளிய வரும். வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். இருட்டு. தலைமுடி நுழையற அளவு ஓட்டை, அது முழுசா மூடியிருந்துச்சு.

கார்ப் க்ளீனர்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். அப்புறம் பழைய சார்ஜர் ஒயரைச் சீவி, செம்பு இழை ஒண்ணே ஒண்ணு எடுத்து உள்ள விட்டேன். ஊசி, ஸ்டீல் கம்பி, குட்டி ட்ரில் பிட் எதுவும் வேண்டாம். ஓட்டையோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல மாறும். 0.40 மி.மீ. ஓட்டையை 0.44 ஆக்கிட்டீங்கன்னா பத்து சதவீதம்தான் கூடின மாதிரி தெரியும், ஆனா பரப்பு 21 சதவீதம் கூடிடும். பட்டினி போய் அஜீரணம் வந்துடும். மூணாவது தடவை இழை நுழைஞ்சு மறுபக்கம் வந்தப்ப, ஒரு ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சுது. செமஸ்டர் ரிசல்ட் பாத்தப்பகூட அவ்ளோ சந்தோஷப்பட்டதில்ல.

ஜெட்டை மட்டும் சுத்தம் பண்ணா பத்தாது. அது உக்கார்ற பாதையிலயும் ஸ்பிரே அடிங்க. த்ராட்டில் தட்டு பக்கத்துல இருக்கிற பொடி ஓட்டைகள் வழியா அது வெளிய வரணும். கண்ணாடி போட்டுக்கோங்க, ஒரு ஓட்டையில அடிச்சா இன்னொரு ஓட்டையில இருந்து நேரா முகத்துக்குத்தான் வரும். ரப்பர் ஓ-ரிங், பவுல் கேஸ்கெட் மேல க்ளீனர் படக்கூடாது, ஊதிப் பெருத்துடும், திரும்ப உக்காராது.

மாட்டி, புது பெட்ரோல் ஊத்தி, கயிறு இழுத்தப்ப மணி ராத்திரி எட்டு. மூணாவது இழுப்புல பிடிச்சுது. சோக்கை முழுசா திறந்தேன். சத்தம் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, லீவரை விட்டுட்டு அவரே ஒரு தடவை இழுத்துப் பாத்தார். ஒரே இழுப்பு.

அந்தப் பிசின் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, பத்து வாரம் டேங்க்ல நின்ன பெட்ரோல்ல இருந்துதான். பெட்ரோல்ல லேசான பகுதி முதல்ல ஆவியாகும், மிச்சம் காத்தோட சேர்ந்து பிசினாகும். குட்டி ஓட்டைதான் முதல்ல அடையும். இதுல எத்தனாலுக்கும் பங்கு இருக்கு, ஆனா எல்லாப் பழியையும் அது தலையில போடறதை நான் ஒத்துக்க மாட்டேன். எத்தனால் கலக்காத காலத்துலயும் நின்ன பெட்ரோல் பிசினாச்சு. எத்தனால் தண்ணியை இழுத்து வெச்சுக்கும், அதுதான் அந்த வெள்ளைப் பொடிக்கு, அதாவது அலுமினிய அரிப்புக்கு, வழி பண்ணுது.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2023-ல சில பங்க்ல ஆரம்பிச்ச 20 சதவீத எத்தனால் பெட்ரோல், 2025-க்குள்ள கிட்டத்தட்ட எல்லா பங்க்லயும் வந்தாச்சு. ஒரு கிராம் சுத்த பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும். 20 சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டா 13.5 வருது. அதாவது பழைய பெட்ரோலுக்காக துளைச்ச ஜெட்ல இதை விட்டா, ஓட்டை சுத்தமா இருந்தாலும் கலவை சுமார் எட்டு சதவீதம் பட்டினிப் பக்கம் சாயும். சென்சார் இருக்கிற புது பைக் தானே சரிக்கட்டிக்கும். இந்தக் கார்புரேட்டருக்கு மூக்கும் இல்ல, மூளையும் இல்ல. அதனால முன்ன பாதி அடைச்சாகூட சமாளிச்ச இன்ஜின், இப்ப கால்வாசி அடைச்சாலே பாட ஆரம்பிச்சுடும்.

மூணு வாரத்துக்கு மேல மெஷினை நிறுத்தி வெக்கப் போறீங்கன்னா, டேங்கை வடிச்சுட்டு, தானா ஆஃப் ஆகற வரைக்கும் ஓட விடுங்க. பவுல்ல மிச்சம் இருக்கறதை அடியில போல்ட்டைத் தளர்த்தி வடிச்சுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொண்ணு, கல்லுல பிளேடு மோதினதுக்கு அப்புறம்தான் இன்ஜின் மக்கர் பண்ணுது, கயிறு கையைப் பின்னாடி உதறுதுன்னா கார்புரேட்டரைத் தொடாதீங்க. அங்க ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டு, பொறி விழற நேரம் தள்ளிப் போயிருக்கும். அது கிராங்க் ஷாஃப்டைக் காப்பாத்தவே மெதுவான உலோகத்துல செஞ்ச துண்டு. அதை மாத்தறது தனி வேலை, ஃப்ளைவீலைக் கழட்டணும்.

ஞாயித்துக்கிழமை சித்தப்பா வேலைக்குப் போனார், நானும் கூடப் போய் புல் அள்ளினேன். வடிச்ச பழைய பெட்ரோல் ஒண்ணரை லிட்டர் கேன்லயே இருந்துச்சு. என் பைக்ல ஊத்தலாமான்னு கேட்டேன், முறைச்சார். பக்கத்துல இருக்கிற டூ வீலர் மெக்கானிக் பையன் செயின் கழுவ வாங்கிட்டுப் போயிட்டான்.